மறைந்துபோன லினக்ஸ்

கணினியை இயக்கியவுடன் அதன் உறுப்புகளையெல்லாம் ஆளத் தொடங்கும் மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளுக்குரியது மேக்ஓஎஸ். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸோ எவரும் விலையின்றிப் பயன்படுத்தத்தக்கது. 2012ஆம் ஆண்டின் மேக்புக் புரோ, 2019இல் வெளிவந்த காட்டலினா பதிப்போடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ்ஸை அது ஏற்பதில்லை. ஆதலால் சிலர் அதன் வட்டைப் பிரித்து, ஒரு பகுதியில் மேக்ஓஎஸ்ஸையும் மறு பகுதியில் லினக்ஸையும் வைத்துக்கொள்கின்றனர். இதற்கு இரட்டைத் தொடக்கம் என்று பெயர்.

என்னிடம் பயிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அத்தகைய கணினியின் லினக்ஸ் பகுதியில் தன் பாட்டி தொலைபேசியில் சொன்ன கதைகளைப் பதிவுசெய்து வைத்திருந்தாள். ஒருநாள் மேக்ஓஎஸ்ஸைப் புதுப்பித்தாள். அதன்பின் கணினி நேரே மேக்ஓஎஸ்ஸுக்கே சென்றது, லினக்ஸைக் காணவில்லை. வட்டை முழுவதும் அழித்துப் புதிதாக நிறுவ வேண்டும் என்று பழுதுபார்க்கும் கடையில் கூறிவிட்டனர். பாட்டி அப்போது உயிரோடு இல்லை.

உண்மையில் கதைகள் எங்கும் போய்விடவில்லை. எந்த இயங்குதளத்தை முதலில் எழுப்புவது என்ற குறிப்பு, மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சிறு நினைவகத்தில் இருக்கிறது. புதுப்பித்தலின்போது மேக்ஓஎஸ் அக்குறிப்பில் தன் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்வதுண்டு. வீடு இருக்கிறது; முகவரிச் சீட்டுத்தான் மாறிவிட்டது. மேக்ஓஎஸ் லினக்ஸ் பகுதியைப் படிக்க அறியாததால், அங்கிருந்து தேடினாலும் கோப்புகள் தென்படா.

கணினியை அணைத்து, மீண்டும் இயக்கியவுடன் ஆப்ஷன் விசையை விடாமல் அழுத்திக்கொண்டிருக்கச் சொன்னேன். திரையில் வட்டுப் படங்கள் தோன்றின. அவற்றுள் 'இஎப்ஐ பூட்' என்றிருந்ததைத் தேர்ந்தெடுத்ததும் லினக்ஸ் எழுந்தது! அவள் முதற்காரியமாகக் கதைகளை ஒரு பென் டிரைவில் படியெடுத்தாள். அதன் பின்னரே தொடக்க வரிசையைத் திருத்தினோம். அதற்குரிய லினக்ஸ் கட்டளை 'இஎப்ஐபூட்எம்ஜிஆர்'. மேலாளர் என்று பொருள்படும் மேனேஜர் என்னும் சொல்லின் சுருக்கமே அந்த எம்ஜிஆர். எனினும் தமிழர் இக்கட்டளையை மறப்பது அரிது. அது காட்டும் பட்டியலில் லினக்ஸுக்குரிய எண்ணை முதலில் வருமாறு அமைத்தால் போதும். ஆப்ஷன் விசையை அழுத்தியும் லினக்ஸ் தோன்றாவிடின், லினக்ஸ் நிறுவப் பயன்பட்ட பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, தொடக்க நிரலை மட்டும் மீண்டும் நிறுவலாம். அப்போதும் வட்டை அழிக்க வேண்டியதில்லை.

லினக்ஸைப் புதிதாக நிறுவுவோர்க்கு வைஃபை இயங்காமையும் ஒரு தொல்லை. பழைய மேக் பலவற்றில் உள்ள பிராட்காம் சில்லுக்கு வேண்டிய மென்பொருள் எல்லா லினக்ஸ் பதிப்புகளோடும் சேர்ந்து வருவதில்லை. இணையத்தை அடைய வேண்டிய மென்பொருள் இணையத்திலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைப் பகிருங்கள். மென்பொருளை நிறுவி முடித்ததும் கம்பியைக் கழற்றிவிடலாம்.