இடுப்புச் சுற்றளவும் இல்லற நலமும்

மங்கலம் வட்டாரப் பனியன் கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் அமர்ந்திருப்போர் பலர். தேநீரும் வடையுமே பலவேளை பசியாற்றுகின்றன; இரவுப் பணியால் உறக்கமும் குறைகிறது. வயிறு மெல்லப் பெருக்கிறது. அதனோடு வரக்கூடிய ஒரு குறையை மட்டும் ஆண்கள் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. அதுவே விறைப்புத்தன்மைக் குறைபாடு.

விறைப்பு இரத்த ஓட்டத்தால் நிகழ்வது. இரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரியச் செய்கிறது. வயிற்றுக் கொழுப்பும், அதனால் மிகும் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அவ்வுட்சுவரைப் பழுதாக்குகின்றன. மேலும், கொழுப்புத் திசுவிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது.

இக்குறை மீளக்கூடியதே. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகர மருத்துவர்கள், இக்குறையுடைய 110 பருமனான ஆண்களை இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 2004இல் முடிவை வெளியிட்டனர். உணவு, உடற்பயிற்சி குறித்து விரிவான வழிகாட்டுதல் பெற்ற 55 பேரில் 17 பேர் இயல்புநிலைக்குத் திரும்பினர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்ற 55 பேரில் மூவரே திரும்பினர். எல்லோருக்கும் எடைக்குறைப்பு மட்டும் போதாது என்பதையும் இது உணர்த்துகிறது. அவர்களுக்கு வேறு சிகிச்சைகள் உள்ளன.

ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் இதயக் குழாய்களைவிடக் குறுகியவை. ஆதலால் அடைப்பின் அறிகுறி அங்கே முதலில் தோன்றலாம். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே கிடைக்கும் எச்சரிக்கையாகவும் அது அமையலாம். வெட்கத்தால் மறைப்பவர் அவ்வெச்சரிக்கையை இழக்கிறார்.

இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் இருத்தல் நலம். தொப்புளை ஒட்டி, மூச்சை இயல்பாக வெளிவிட்டபின் அளந்து பாருங்கள். 80 கிலோ எடையுள்ளவர் முதலில் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே உடலுக்கு நன்மை உண்டு. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் விரைவாக நடங்கள். சோற்றைக் குறைத்துக் காய்கறி, பயறு வகைகளைக் கூட்டுங்கள். வடைக்கு மாற்றாகச் சுண்டல் உண்ணலாம். புகையையும் மதுவையும் விடுங்கள்.

விளம்பரத்தை நம்பி மாத்திரை வாங்காதீர்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து உட்கொள்வோர் விறைப்புக்கான மாத்திரையையும் விழுங்கினால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவு சரியக்கூடும். இரத்த அழுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது.

துணைவியர் இதனைத் தம்மீதான வெறுப்பென்று கருத வேண்டாம். இது உடலின் குறை. இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் வாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்தபின் உரிய வழி சொல்லப்படும். நீங்கள் கூறுவது மருத்துவரின் அறைக்குள்ளேயே இருக்கும்.