தூளி ஸ்பிரிங்கும் தாழ்த்திய காரும்

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2017 மாடல் ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிறார். ரீமேப், பெரிய எக்ஸாஸ்ட், 19 அங்குல வீல், 40 மி.மீ. தாழ்த்திய காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த செட்) என்று நான்கு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. இப்போது மனைவிக்கு ஏழாவது மாதம். வளைகாப்பு முடிந்ததும் பொள்ளாச்சியில் அவர் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். பிறகு அதே வழியில் கைக்குழந்தையோடு திரும்ப வேண்டும். “வண்டியை வித்துடுன்னு வீட்டில் எல்லோரும் சொல்றாங்க. ஷாக்கை ரொம்ப லூசா வெச்சுட்டா தொட்டில் மாதிரி ஆடும்னு கடைக்காரர் சொல்றார். யார் சொல்றது சரி சார்?”

முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் மனிதரின் கடிதம் என்பதால் நாலு நாள் இதோடேயே உட்கார்ந்திருந்தேன். வண்டியை விற்க வேண்டாம். ஆனால் கடைக்காரர் சொன்னதும் நடக்காது. ஏன் நடக்காது என்பதற்கான விடை அவர் வாயிலிருந்து வந்த ‘தொட்டில்’ என்ற அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

பாத்திரக் கடைகளில் தூளி கட்டுவதற்கென்று ஓர் இரும்பு ஸ்பிரிங் தொங்குமே, பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. நடுவே, ஸ்பிரிங் அறுந்தால் தாங்கிக்கொள்ள ஒரு கயிறு. அதில் ஒன்று வாங்கி வந்து, சேலையைக் கட்டி, குழந்தைக்குப் பதிலாக அரிசிப் பையை வைத்தேன். இந்த ஸ்பிரிங்குகளை இறுக்கிச் சுற்றியிருப்பார்கள். கொஞ்சம் எடை ஏறும்வரை அசையவே மாட்டா. அதனால் முதலில் 2 கிலோ, பிறகு 4 கிலோ வைத்து, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு கூடுதலாக இறங்கியது என்று ஸ்கேல் பிடித்துப் பார்த்தேன். 8 செ.மீ. அப்படியானால் 4 கிலோ முழுவதற்கும் கணக்கில் 16 செ.மீ. இறக்கம். பையை லேசாக இழுத்துவிட்டு 20 முறை ஏறி இறங்க எவ்வளவு நேரம் என்று எண்ணினேன். கணக்குப்படி 16 விநாடி வர வேண்டும். 17 ஆனது. ஸ்பிரிங்குக்கும் எடை உண்டு அல்லவா, அது அந்த ஒரு விநாடியை எடுத்துக்கொண்டது.

எடையையோ கம்பியின் கனத்தையோ தனித்தனியாகத் தெரிந்துகொள்ளாமல், 16 செ.மீ. என்ற இறக்கத்தை மட்டும் வைத்து எப்படிக் கணக்குப் போட முடிந்தது? எனக்கு இன்றைக்கும் அலுக்காத விஷயம் இது. ஒரு ஸ்பிரிங் தன் சுமையால் எவ்வளவு நீளம் இறங்குகிறதோ, அதே நீளமுள்ள கயிற்றில் கட்டிய ஊசல் என்ன வேகத்தில் ஆடுமோ, அந்த வேகத்தில்தான் அந்தச் சுமை மேலும் கீழும் துள்ளும். 4 கிலோ அரிசியானாலும் சரி, ஒன்றரை டன் காரானாலும் சரி. 25 செ.மீ. இறங்கினால் விநாடிக்கு ஒரு துள்ளல். இறக்கம் நாலில் ஒன்றாகக் குறைந்து 6 செ.மீ. ஆனால் விநாடிக்கு இரண்டு. உத்தரத்திலிருந்து 2 மீட்டர் நீளத்தில் கட்டிய சாதாரணத் தூளி போய்வர ஏறக்குறைய 3 விநாடி எடுப்பதும் இதே கணக்குதான்.

இனி உங்கள் காயில்ஓவர் பெட்டியை எடுத்துப் பாருங்கள். முன்பக்க ஸ்பிரிங்குக்கு நேரே 6 கிலோ/மி.மீ. என்பது போல ஓர் எண் இருக்கும். 6 கிலோ ஏற்றினால் 1 மி.மீ. அமுங்கும் என்று அர்த்தம். உங்கள் வண்டியில் ஒரு முன் ஸ்பிரிங் தாங்கும் எடை சுமார் 380 கிலோ. வகுத்தால் 63 மி.மீ. அதாவது விநாடிக்கு இரண்டு துள்ளல். கம்பெனியிலிருந்து வரும் செடான்கள் பொதுவாக 1.2 முதல் 1.5 வரைக்குள் இருக்கும். (முன்சக்கரத்துக்கு இந்த வகுத்தல் கிட்டத்தட்டப் பொருந்தும். பின்னால் ஸ்பிரிங் சக்கரத்தைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், அந்த நெம்புகோல் கணக்கையும் சேர்க்க வேண்டும்.)

ஒன்றரைக்கும் இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். மறுபடியும் தூளிக்கே வாருங்கள். ஸ்பிரிங்கின் மேல்கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, அரிசிப் பையைத் தொங்கவிட்டு, கையை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். பை கையோடு வரும். கொஞ்சம் வேகமாக ஆட்டுங்கள். ஸ்பிரிங்கின் சொந்தத் தாளம் வந்ததும் பை பேய் பிடித்தது போலக் குதிக்கும். இன்னும் வேகமாக, கை வலிக்க வலிக்க ஆட்டுங்கள். பை அப்படியே நிற்கும். கை படபடவென்று துடிக்கிறது, ஸ்பிரிங் சுருங்கி விரிகிறது, 4 கிலோ அரிசி மட்டும் காற்றில் அசையாமல் கிடக்கிறது. முதல் தடவை செய்து பார்த்தபோது சமையலறையிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

காரில் அந்தக் கைதான் ரோடு. மாடியில் பிள்ளைகள் குதித்து உத்தரம் அதிர்ந்தாலும் கீழே தூளியில் குழந்தை தூங்குவது போல, ரோட்டின் வேகமான அதிர்வு எதுவும் உள்ளே வராமல் ஸ்பிரிங் தடுக்கிறது. ஆனால் தன் சொந்தத் தாளத்தைப் போல 1.4 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் அதிர்வுகளைத்தான் அதனால் தடுக்க முடியும். சொந்தத் தாளம் 1 என்றால் 1.4-க்கு மேலே எல்லாம் வடிகட்டப்படும். 2 என்றால் 2.8 வரைக்கும் கதவு திறந்தே கிடக்கிறது. அதற்கு மேலேயும் வடிகட்டல் அரைகுறைதான். விநாடிக்கு 5 முறை வரும் அதிர்வை எடுத்துக்கொண்டால், ஷாக் அப்சார்பரே இல்லை என்று வைத்துக் கணக்கிட்டால், இரண்டாவது ஸ்பிரிங் முதலாவதைவிட 4 மடங்குக்கும் அதிகமாக உள்ளே விடும். ஐந்து என்ற எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்தேன். உட்கார்ந்திருக்கும் மனித உடல் செங்குத்தான அதிர்வை அதிகம் உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 வரை. ஐஎஸ்ஓ 2631 என்ற சர்வதேச அளவுகோல் இந்த வீச்சுக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. அது பெரியவர்களை வைத்து உருவானது. 4 கிலோ பிள்ளைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஏழு மாத வயிற்றோடு பின்சீட்டில் உட்காரும் உங்கள் மனைவியின் இடுப்புக்கு நன்றாகவே பொருந்தும்.

கடைக்காரர் திருகச் சொல்வது ஷாக் அப்சார்பரை. தூளிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் கை அது. குழந்தை அதிகமாகத் துள்ளினால் சேலையை லேசாகப் பிடித்து நிறுத்துவாள். அவள் கை அழுத்தமாக இருந்தால் துள்ளல் உடனே அடங்கும். ஆனால் அவள் கை நடுக்கமெல்லாம் குழந்தைக்குப் போகும். கையைத் தளர்த்தினால் நடுக்கம் போகாது, துள்ளல் நிற்க நேரமாகும். அவ்வளவுதான் அந்தத் திருகாணியால் முடிந்தது. கை எவ்வளவு தளர்ந்தாலும் ஸ்பிரிங்கின் தாளம் மாறாது. கெட்டியான ஸ்பிரிங்கோடு ஷாக்கை முழுக்கத் தளர்த்தினால், வண்டி விநாடிக்கு இரண்டு முறை நிற்காமல் குதித்துக்கொண்டே போகும். தொட்டில் போல ஆடாது. மளிகைக்கடை வாசலில் காசு போட்டால் குதிக்குமே ஒரு குதிரை, அதுபோல ஆடும்.

தாழ்த்துவதில் இன்னொரு கேடும் உண்டு. வண்டி 40 மி.மீ. கீழே வந்தால், சக்கரம் மேலே எழ மிச்சமிருக்கும் இடத்தில் 40 மி.மீ. போய்விட்டது. அதைத் தாண்டினால் ரப்பர் முட்டு. அந்த நிமிடம் ஸ்பிரிங்கே இல்லை. தூளி தரையில் தட்டுகிறது. நம் ஊர் வேகத்தடைகளில்தான் இது நடக்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும், 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கு. அதைக் கடக்க அரை விநாடி ஆகும்; ஸ்பிரிங்குக்கு மூச்சுவிட நேரமுண்டு. தெருவில் ஆளாளுக்குப் போடுவது 40 செ.மீ. அகலத் தார்க்கட்டி. 15 கி.மீ. வேகத்தில் போனாலும் பத்தில் ஒரு பங்கு விநாடியில் ஏறி இறங்கியாக வேண்டும். 19 அங்குல வீலில் 225/35 டயரின் பக்கச்சுவர் 79 மி.மீ.தான், 17 அங்குலத்தில் 225/45 போட்டால் 101 மி.மீ. கிடைக்கும். தார்க்கட்டியின் முதல் அடியை வாங்குவது இந்த ரப்பர்தான். செலவு குறைந்த, பலன் நிறைந்த மாற்றம் எது என்றால் பழைய வீலைத் திரும்ப மாட்டுவதுதான்.

ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரை ‘சொகுசு கூடும்’ என்று சொல்லி விற்பார்கள். வாங்காதீர்கள். சுருளின் ஒரு பகுதியை அது கட்டிப்போடுகிறது. வேலை செய்யும் சுருள்கள் குறைந்தால் ஸ்பிரிங் கெட்டியாகும். வண்டி உயர்வது உண்மை, சொகுசு கூடுவது பொய். 32 கிளிக், 36 கிளிக் என்று எண்ணிக்கையைச் சொல்லி விற்பதும் இதே வகை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஓர் எண். முன் ஸ்பிரிங் 3 கிலோ/மி.மீ. அளவில் கிடைத்தால் இறக்கம் 127 மி.மீ., தாளம் 1.4. அந்த ஸ்பிரிங்கை மாட்டி, உயரத்தையும் பழைய அளவுக்கு ஏற்றிவிடுங்கள். பழைய கம்பெனி ஸ்பிரிங்கும் ஷாக்கும் கொட்டகையில் இருந்தால் அதைவிட நல்லது. வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பற்றிய கவலையும் அந்த அளவுக்குக் குறையும்.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு ஒரு பத்தி. ரோல்ஸ் ராய்ஸை விட்டு 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பின்பக்கத் தாளம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டாது என்று கண்டார். மேடு பின்சக்கரத்துக்குப் பிந்திக் கிடைக்கிறது; வேகமான பின் ஸ்பிரிங் முன்பக்கத்தைப் பிடித்துவிடுகிறது. பிரான்சில் சிட்ரோயன் 2சிவி வண்டிக்கு, உழுத வயலில் முட்டைக்கூடையோடு போனாலும் முட்டை உடையக் கூடாது என்று நிபந்தனை வைத்தார்கள். 1948-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. அதன் ஸ்பிரிங்குகள் எவ்வளவு மெத்தென்று இருந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸாஸ்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நாலு சிலிண்டர் எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது விநாடிக்கு 67 முறை வெடிக்கிறது. அந்தத் தாழ்ந்த உறுமலைக் கண்ணாடியும் தடுக்காது, வயிற்றுச் சுவரும் அதிகம் தடுக்காது. ஹைவேயில் ஒரே வேகத்தில் அந்த உறுமல் காதை அடைத்தால், பழைய சைலன்சரை மாட்டிவிடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சுகத்துக்கு. உயிருக்கு வேண்டியதை இனிச் சொல்கிறேன், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்பங்கு தலை. நமக்கு எட்டில் ஒன்று. கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாகக் கெட்டிப்படாதவை. வண்டி மோதி நிற்கும்போது, முன்னோக்கி உட்கார்ந்த பிள்ளையின் தலை அந்தக் கழுத்தை இழுத்துக்கொண்டு போகும். பின்னோக்கி வைத்த சீட்டில் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டுக்குள் அமுங்கும். ஐரோப்பாவில் நடைமுறையிலுள்ள ஆர்129 விதி 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்கிறது. அதற்குப் பிறகும் உடம்பு கொள்ளும்வரை அப்படியே வையுங்கள். உங்கள் வண்டியின் பின்சீட்டு ஓரங்களில் ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருக்கின்றன, விரலை விட்டால் தட்டுப்படும். ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில் இந்தச் சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று பெரியவர்கள் யார் சொன்னாலும் அன்பாக மறுத்துவிடுங்கள். 2019 சட்டத் திருத்தத்தின் 194பி பிரிவு 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம் என்கிறது, மீறினால் 1,000 ரூபாய். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை உங்கள் மனைவி வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படும்படி போட வேண்டும். பிள்ளை அந்தச் சீட்டில் தூங்கும்போது தாடை மார்பில் குத்திட்டுக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூச்சுக்குழல் மடங்கும். பொள்ளாச்சி வந்ததும் எடுத்துப் பாயில் கிடத்திவிடுங்கள்.

வளைகாப்புக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை செய்ய ஒரு வேலை இருக்கிறது. குழந்தை சீட்டைப் பின்னால் மாட்டி, 4 கிலோ அரிசிப் பையை அதில் பெல்ட் போட்டு வையுங்கள். ஆகென் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியைப் போனில் ஏற்றி, போனைப் பையோடு இறுக்கிக் கட்டுங்கள். கிணத்துக்கடவு வழியாகப் பொள்ளாச்சி வரை போய்வாருங்கள். ஸ்பிரிங்கும் வீலும் மாற்றிய பிறகு அதே பை, அதே வழி, அதே வேகம். இரண்டு வரைபடங்களையும் எனக்கு அனுப்புங்கள். விநாடிக்கு நாலுக்கும் எட்டுக்கும் நடுவிலான அதிர்வு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.