பாக்கராட் மேசையில் பொறுமை யாருக்கு லாபம்?

சிங்கப்பூர் காசினோ ஒன்றில் பாக்கராட் மேசையில் சில ஆண்டுகள் டீலராக இருந்தேன். வேலையை விட்ட பிறகும் தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான்: “ஜெயிக்க வழி இருக்கா அண்ணே?” அவசரப்படாமல் உட்கார்ந்து, போக்கைக் கவனித்து, நேரம் பார்த்துக் கட்டினால் காசு வரும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். கேமரா முன்னால் டீலர் சீட்டுப் போட, கைப்பேசியில் பார்த்துக்கொண்டே பணம் கட்டும் ‘லைவ் டீலர்’ ஆட்டத்துக்கும் அதே நம்பிக்கையோடுதான் போகிறார்கள்.

ஆட்டம் எளிது. எட்டுக் கட்டு, 416 சீட்டு, ‘ஷூ’ என்ற பெட்டிக்குள் இருக்கும். பிளேயர், பேங்கர் என இரண்டு பக்கம். பக்கத்துக்கு இரண்டு சீட்டு. கூட்டுத்தொகையில் கடைசி இலக்கம் மட்டுமே கணக்கு. 7-ம் 8-ம் வந்தால் 5. பத்துக்கும் படச்சீட்டுக்கும் மதிப்பில்லை. 9-க்கு நெருங்கிய பக்கம் வெல்லும். மூன்றாவது சீட்டு எடுப்பதா வேண்டாமா என்பதையும் விதியே சொல்லிவிடும். ஆடுபவர் தீர்மானிப்பது எதன் மேல் கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்பதை மட்டும்தான். முதல் சீட்டு வெளியே வரும் முன்பே அவர் வேலை முடிந்துவிடுகிறது.

மேசையில் இருப்பவருக்கு அப்படித் தோன்றாது. பெரிய தொகை கட்டியவரிடம் சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்போம். அவர் நீள ஓரத்தை மெல்ல மெல்ல மடித்துப் பார்ப்பார். ஓரத்தில் இரண்டு குறி தெரிந்தால் 4 அல்லது 5. மூன்று தெரிந்தால் 6, 7, 8-ல் ஒன்று. நடுவில் இருக்கக்கூடிய குறி இல்லாமல் போகட்டும் என்று சீட்டின் மேல் ஊதுவார்; சுற்றி நிற்பவர்களும் கத்துவார்கள். கசங்கிய சீட்டு மறுபடி ஆட்டத்துக்கு வராது. அந்த ஒரு நிமிடத்தில், முடிவு தன் விரல் நுனியில் இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம் வருகிறது. முடிவோ ஷூவுக்குள் எப்போதோ வரிசையாக அடுக்கப்பட்டுவிட்டது.

மேசையருகே ஒரு திரை இருக்கும். பேங்கர் வென்றால் சிவப்பு வட்டம், பிளேயர் வென்றால் நீலம். தொடர்ந்து ஆறு சிவப்பு விழுந்ததும் கூட்டம் சேர்ந்துவிடும். அடுத்ததும் சிவப்பே என்பார் ஒருவர், இனி நீலம்தான் என்பார் இன்னொருவர். இருவரிடமும் ஆதாரம் கிடையாது. பிளாக்ஜாக்கைச் சீட்டெண்ணி வெல்லலாம் என்று 1960-களில் நிரூபித்த கணிதவியலாளர் எட்வர்ட் தார்ப், பாக்கராட்டையும் ஆராய்ந்தார். பேங்கர், பிளேயர் பந்தயங்களில் சீட்டெண்ணி லாபம் பார்க்க முடியாது என்பதே அவர் கண்டது. ஒவ்வொரு சீட்டையும் நினைவில் வைத்தாலே பயனில்லை என்றால், வட்டங்களைப் பார்த்து என்ன தெரியும்?

பேங்கர் வென்றால் 5 சதவீதம் கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். அதையும் சேர்த்தால் பேங்கரில் காசினோவின் சாதகம் 1.06 சதவீதம், பிளேயரில் 1.24. ஒன்றுக்கு எட்டு தரும் ‘டை’ பந்தயத்தில் 14 சதவீதத்துக்கும் மேல். டை மட்டும் கட்டவே கட்டாதீர்கள். மற்ற இரண்டில் சதவீதம் சிறியதாகத் தெரிகிறது. அந்தச் சிறிய எண்ணுக்குத் தேவை நேரம் மட்டும்தான். கைக்கு 50 சிங்கப்பூர் வெள்ளி, மணிக்கு 60 கை என்று வைத்தால் 3,000 வெள்ளி புரள்கிறது. சராசரியாக 32 வெள்ளி காசினோவுக்குப் போகும்.

இதை ஒரு காசினோ திட்டம் போட்டே பயன்படுத்தியது. 1990 பிப்ரவரியில் ஜப்பானிய நிலவணிகர் அகியோ காஷிவாகி, அட்லாண்டிக் சிட்டியின் டிரம்ப் பிளாசாவில் பாக்கராட் ஆடி ஏறத்தாழ 60 லட்சம் டாலர் வென்று போனார். அடுத்து அவரை எப்படி எதிர்கொள்வது என்று ஜெஸ் மார்க்கம் என்ற கணிதவியலாளரிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் தந்த யோசனை: 1.2 கோடி டாலரோடு காஷிவாகி உட்காரட்டும். அது இரண்டு மடங்காகும் வரை, அல்லது முழுவதும் போகும் வரை ஆடட்டும். சீட்டில் எந்த வேலையும் செய்யவில்லை. நெடுநேரம் உட்காரவைப்பது மட்டுமே திட்டம். மே மாதம் காஷிவாகி கைக்கு 2 லட்சம் டாலர் கட்டி நாள்கணக்கில் ஆடினார். இடையில் முன்னிலைக்கும் வந்தார். கடைசியில் சுமார் ஒரு கோடி டாலர் இழந்தார்.

தோற்றால் இரட்டித்துக் கட்டும் முறையைப் பலர் பெரிய வித்தையாகச் சொல்வார்கள். 50-ல் தொடங்கி ஏழு முறை தோற்றால் 6,350 வெள்ளி போயிருக்கும். எட்டாவதாக 6,400 வேண்டும். உச்சவரம்பு 5,000 என்ற மேசையில் அதைக் கட்டவே முடியாது. பேங்கரில் இப்படி ஏழு முறை தொடர்ந்து தோற்க ஏறத்தாழ 140-ல் ஒரு வாய்ப்பு. தினமும் ஆடுபவருக்கு அது வந்தே தீரும்.

லைவ் டீலர் ஆட்டம் காசினோ மேசையைவிட ஆபத்தானது. ஒரு கை 27 விநாடியில் முடியும் ‘ஸ்பீடு’ மேசைகள் உண்டு. அந்த வேகத்தில் மணிக்கு 130 கைக்கு மேல். மேலே சொன்ன 32 வெள்ளி 70 வெள்ளியாகிறது. காசினோவுக்குள் நுழையச் சிங்கப்பூரர் 150 வெள்ளி கட்ட வேண்டும். அந்த வாசலில் ஒரு கணமாவது யோசிப்பார். படுக்கையில் கைப்பேசி வைத்திருப்பவருக்கு வாசலே இல்லை. சிங்கப்பூரில் இணையக் காசினோ ஆட்டம் சட்டவிரோதம். இந்தியாவிலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது.

வீட்டில் ஒருவர் இதில் சிக்கியிருந்தால், அவருக்கு உத்தி சொல்லித்தர யாரையும் தேடாதீர்கள். சிங்கப்பூரில் அவரைக் காசினோவுக்குள் விடாதபடி குடும்பத்தாரே விலக்காணைக்கு விண்ணப்பிக்கலாம். சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 1800-6-668-668. கடன் முற்றும்வரை காத்திருக்காமல் இப்போதே அழையுங்கள்.