கிளாரினெட் நமக்குப் புதிதல்ல

பிரிக்பீல்ட்ஸ் டெம்பள் ஆப் பைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களில் வயலின் கற்கும் மாணவர்கள் நம்மிடையே உண்டு. கிள்ளான் கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவர்களும் உண்டு. ஆனால், கே.எல்.சி.சி. இரட்டைக் கோபுரத்தில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்துக்குப் போகலாமா என்றால், "அதெல்லாம் நமக்குப் புரியாது" என்று ஒதுங்கிவிடுகிறோம்.

1998ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மண்டபம்தான் மலேசிய பில்ஹார்மோனிக் இசைக்குழுவின் இல்லம். அங்கே ஒலிக்கும் வயலினும் கிளாரினெட்டும் நம் இசைக்குள் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். 1700ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் யோஹான் கிறிஸ்டோப் டென்னர் உருவாக்கிய கிளாரினெட்டோ, 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை வட்டாரத்தில் சதிர் நடனத்துக்குப் பக்கவாத்தியமானது. பின்னர் திருச்சியைச் சேர்ந்த ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக்கச்சேரி மேடையில் உயர்த்தி வைத்தார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நாகஸ்வரத்தின் சீவாளியில் நாணல் இரட்டையாக அதிரும். கிளாரினெட்டில் ஒற்றை நாணல்தான். நாகஸ்வரத்தில் விரல்கள் துளைகளை நேரடியாக மூடுகின்றன. கிளாரினெட்டில் பல துளைகளை உலோகச் சாவிகள் மூடித் திறக்கின்றன. சாவிகள் நிறைந்த அந்தக் கருவியில் கமகங்களைக் குழைத்து வாசித்ததுதான் நடராஜனின் சாதனை.

மேற்கத்திய இசையில் கிளாரினெட்டின் அழகை அறிய, மொசார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவிலிருந்து தொடங்கலாம். நண்பர் அன்டன் ஸ்டாட்லருக்காக 1791இல் அவர் எழுதிய படைப்பு இது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி, 35 வயதில் அவர் மறைந்தார். இதன் மூன்று பகுதிகளில் நடுப்பகுதி மெதுவானது. தனிக்கலைஞர் ஒரு மெட்டைத் தொடங்க, இசைக்குழு அதையே வாங்கி விரித்துச் சொல்லும். பாடகர் விட்ட இடத்தில் வயலின் தொடர்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

தந்தி வாத்தியங்களுக்கென்றே எழுதப்பட்ட படைப்புகளும் உண்டு. சைக்கோவ்ஸ்கியின் 'செரனேட்' (1880) அவற்றில் ஒன்று. முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என ஐந்து குரல்கள். கர்நாடக இசையில் ஒரு மெட்டின் வளைவுகளைப் பின்தொடர்கிறோம். இங்கே ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதைக் கவனிக்க வேண்டும். முதல்முறை செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

மண்டபத்துக்குச் செல்வதும் கடினமில்லை. கிள்ளானிலிருந்து கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து எல்.ஆர்.டி.யில் ஐந்தாவது நிலையம் கே.எல்.சி.சி. டிக்கெட் வாங்கும்போதே உடை விதிமுறையையும் வீடு திரும்பக் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே கைதட்டுவது அங்குள்ள வழக்கம்.

வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசலும் உண்டு. மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு 2007இல் தன் முதல் கச்சேரியை நடத்தியது. அதில் சேரத் திறன் தேர்வில் வெல்ல வேண்டும். வயலின் பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸ் வகுப்புக்குப் போகும் மாணவர்களே, அந்த மேடை உங்களுக்கும் உரியதுதான். முதலில் ஒரு மாலை, ரசிகராகப் போய் உட்காருங்கள்.