ஏழு பேர் இருந்த அட்டை

அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதா குழந்தைகளே? கணக்குப் பரீட்சை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டு உங்கள் விடுமுறையைக் கெடுக்க மாட்டேன். முப்பத்தைந்து வருடம் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது!

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் பொங்கலுக்காக ஒட்டடை அடிப்பதும், பீரோவைக் காலி செய்து துடைப்பதும் தொடங்கிவிடும். சென்ற விடுமுறையில் அந்த வேலைக்கு எனக்கு உதவியாக வந்தவள் என் பேத்தி. கோயம்புத்தூரிலிருந்து புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். உதவி என்றால் என்ன, நான் எடுத்து அடுக்குவேன், அவள் கலைப்பாள்.

புடவைகளுக்கு அடியிலிருந்து பழுப்பு அட்டை போட்ட சின்னப் புத்தகம் ஒன்றை இழுத்தாள்.

"அப்பத்தா, இது என்ன நோட்டு? உள்ளே தாத்தா போட்டோ இருக்கு!"

"அது நோட்டு இல்லடி, நம்ம பழைய ரேஷன் கார்டு" என்றேன். அவள் நம்பவில்லை. ரேஷன் கார்டு என்றால் பேருந்து நடத்துனரிடம் இருக்கும் டிக்கெட் கருவி மாதிரி ஒன்றில் காட்டும் பிளாஸ்டிக் அட்டை என்றுதான் அவளுக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் கார்டு கொடுக்கத் தொடங்கியது 2017 ஏப்ரலில். அதற்கு முன்பு இருந்தது தாளால் ஆன குடும்ப அட்டை. 2005ல் கொடுத்த அட்டை 2009 வரைக்கும்தான் செல்லும் என்றார்கள். ஆனால் புது அட்டை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு ஆண்டும் உள்தாள் என்று ஒன்றைக் கொடுத்து, பழைய அட்டைக்குள் ஒட்டி, இன்னும் ஓர் ஆண்டு, இன்னும் ஓர் ஆண்டு என்று ஓட்டினார்கள். வருடம் முடிந்து புது வருடம் பிறக்கும் சமயத்தில் ரேஷன் கடை வாசலில் உள்தாள் ஒட்டுவதற்கு வரிசை நிற்கும். எங்கள் கார்டு ஒட்டி ஒட்டி இட்லி மாதிரி உப்பிப் போயிருந்தது.

ரேஷன் முறை எப்போது வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போர் நடந்தபோது உணவுத் தட்டுப்பாடு வந்தது. இருப்பதை எல்லாருக்கும் அளந்து கொடுக்க வேண்டும் என்று நம் நாட்டு நகரங்களில் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்த பிறகும் அது தொடர்ந்தது. 1952ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். பிறகு மறுபடியும் கடைகள் வந்தன. 1972ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் அமைந்தது. சரி, சரித்திரம் போதும். பேத்தி பக்கத்தைப் புரட்டிவிட்டாள்!

முதல் பக்கத்தில் ஏழு பெயர்கள். குடும்பத் தலைவர் என்று என் கணவர். அப்புறம் நான், என் மாமியார், மகன், மகள், என் கொழுந்தனார், அவர் மனைவி. ஏழு பேருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. காலையில் இட்லிக்கொப்பரை இறங்குவதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிடுமோ என்று எனக்குத் தினமும் பயம்.

அந்த ஏழு பெயர்களில் நான்கின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. "யாரு அப்பத்தா இப்படிக் கிறுக்கினது?" என்று கேட்டாள் பேத்தி.

கிறுக்கல் இல்லை குழந்தைகளே. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கதை உண்டு.

முதல் இரண்டு கோடுகள் 2007ல் விழுந்தவை. கொழுந்தனார் குடும்பம் வீட்டின் பின்கட்டுக்குத் தனியாகப் போனது. சண்டை ஒன்றும் இல்லை. அவர்களுக்கும் குழந்தை பிறக்கப் போகிறது, இடம் வேண்டும். தனி அட்டை வேண்டுமென்றால் தனிச் சமையல் நடக்க வேண்டும். அதைப் பார்க்க அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். பின்கட்டில் புது அடுப்பு, புதுப் பாத்திரம் எல்லாம் காட்டினோம். வந்தவருக்கு என் மாமியார் காப்பி கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, "இது எந்த அடுப்புல போட்ட காப்பி ஆத்தா?" என்று கேட்டார். மாமியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ரெண்டு வீட்டுக்கும் காப்பி நான்தான்யா போடுவேன்" என்றார். எங்களுக்குத் திக்கென்றது. வந்தவர் சிரித்துவிட்டார். அட்டை கிடைத்தது. காப்பியும் கடைசி வரை ஒரே அடுப்பில்தான் போட்டார்.

அரசாங்கம் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும்போதும் இந்த அடுப்புதான் கணக்கு. சேர்ந்து வசித்து, ஒரே சமையலறையில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது அவர்கள் வைத்திருக்கும் விளக்கம். 2011ல் கணக்கெடுத்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர்கள் வீடு வீடாகப் போனோம். கதவு எண்ணைப் பார்த்து நாங்கள் ஒரு குடும்பம் என்று எழுதப் போவோம், உள்ளே போனால் இரண்டு அடுப்பு இருக்கும். அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். 2021ல் எடுத்திருக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப் போய், 2027ல் எடுக்கப்படும் என்று 2025ல் அறிவித்தார்கள்.

மூன்றாவது கோடு என் மாமியாருடையது. அவர் 2011 ஐப்பசியில் இறந்துபோனார். அடுத்த ஜனவரியில் உள்தாள் ஒட்ட வரிசையில் நின்றேன். கடையில் இருந்த தம்பி என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன். நோட்டில் கையெழுத்து வாங்கும் முன், "பேர் மாத்தம் ஏதும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டான்.

"இல்லப்பா" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மாமியார் காரியத்துக்கு வந்து, வாசலில் பெஞ்சு தூக்கிப் போட்டவன் அவன். ஒன்றும் சொல்லவில்லை. தாளில் பசையைத் தடவி ஒட்டிக் கொடுத்துவிட்டான்.

சர்க்கரைக்காகவா பொய் சொன்னேன்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு அரைக் கிலோ சர்க்கரை, ஆனால் ஓர் அட்டைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் கிடையாது. அப்போது அட்டையில் நாங்கள் ஐந்து பேர். மாமியார் பெயரை எடுத்தால் நான்கு பேர். இரண்டுக்கும் விடை ஒன்றுதான்! அரிசி நாங்கள் வாங்குவதில்லை, வயலில் விளைந்தது இருந்தது. அவர் பெயர் மேல் கோடு விழுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. வகுப்பில் பொய் சொன்ன பிள்ளையை எழுந்து நிற்க வைத்திருக்கிறேன். இப்போது என் மாணவனையே எனக்காக வாயை மூடிக்கொள்ள வைத்துவிட்டேன். யாராவது சோதனைக்கு வந்தால் மாட்டிக்கொள்வது அவன் அல்லவா? மறுமாதம் அரை நாள் விடுப்புப் போட்டு, இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு வட்ட வழங்கல் அலுவலகம் போனேன். அங்கே இருந்த அம்மா ஸ்கேல் வைத்து, சிவப்புப் பேனாவால் ஒரே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் பெயர் நன்றாகப் படிக்க முடிந்தது. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஏன் என்று இன்று வரை தெரியவில்லை. திரும்பி வரும்போது கடைத் தம்பியிடம் அட்டையைக் காட்டினேன். "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னான்.

நான்காவது கோடு என் மகள். 2016ல் கல்யாணம் ஆகி, பெயர் நீக்கச் சான்று வாங்கிக்கொண்டு புகுந்த வீட்டு அட்டைக்குப் போனாள். என் பெயரும் ஒரு காலத்தில் என் அப்பா வீட்டு அட்டையில் அப்படிக் கோடு விழுந்ததுதான். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. கல்யாணப் புடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்!

உள்தாள்களைப் புரட்டினால் வேறு மாற்றங்கள். அரிசி, சர்க்கரை, கோதுமை, மண்ணெண்ணெய் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கேஸ் வாங்கியதும் அட்டையில் முத்திரை குத்திவிட்டார்கள். மண்ணெண்ணெய்க் கட்டம் காலியாகிவிட்டது. கடை அரிசி 2006ல் கிலோ 2 ரூபாய், 2008 செப்டம்பரில் 1 ரூபாய், 2011 ஜூனிலிருந்து விலையே இல்லை. என்னிடம் படித்த எத்தனையோ பிள்ளைகளின் வீட்டில் உலை கொதித்தது அந்த அரிசியில்தான்.

ஸ்மார்ட் கார்டு வந்தபோது இன்னொரு வேடிக்கை. 2013ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவர்தான் குடும்ப அட்டைக்குத் தலைவர். புது அட்டையில் என் படம்! "இனிமே காப்பி நீங்க போடுங்க, நான் தலைவர்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். பேப்பரிலிருந்து அவர் தலையை எடுக்கவில்லை.

புது அட்டை வசதியானதுதான். பொருள் வாங்கியதும் கைபேசிக்குச் செய்தி வந்துவிடும். 2020 அக்டோபரிலிருந்து கைரேகை வைக்கிறோம். சாக்பீஸ் பிடித்துத் தேய்ந்த என் கட்டைவிரலைக் கருவி சில நாள் ஒப்புக்கொள்ளாது. நாலு தடவை வைக்க வேண்டும். எனக்கு இருக்கும் ஒரே குறை வேறு. அதில் பெயரை எடுத்தால், எடுத்த இடமே தெரியாது. கோடு கிடையாது. 2019ல் மகன் குடும்பம் கோயம்புத்தூரில் தனி அட்டை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு எங்கள் அட்டையில் இரண்டே பெயர்கள். ஏழு பேர் இருந்த வீடு என்று அதைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டிலும் பழைய அட்டை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாட்டியின் தகரப்பெட்டியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கலாம். கோடு போட்ட பெயர் யாருடையது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர்கள் முகத்தையும் பாருங்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுத்துப்பிழை வந்தால் பரவாயில்லை, நான் மார்க் குறைக்க மாட்டேன்.

என் பேத்தியிடம் வருகிறேன். முதல் ஏழு பெயர்களுக்குக் கீழே கையால் எழுதிய இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. எட்டாவது வரி, 2013ல் வந்த என் மருமகள். ஒன்பதாவது வரியில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள் பேத்தி.

"அப்பத்தா! இது நான்!"

"ஆமா, நீ பிறந்ததும் தாத்தா ஓடிப் போய் எழுதிட்டு வந்தாரு."

கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தாள். பிறகு அட்டையை வெளிச்சத்தில் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என் மேல கோடு போடலையே?"

"போடலை. அதுக்குள்ள இந்த அட்டை முடிஞ்சு போச்சு."

வேறு ஒன்றும் கேட்கவில்லை. அட்டையை அவளே பழுப்புத் தாளில் சுற்றி, புடவைகளுக்கு அடியில் வைத்து, பீரோவைப் பூட்டினாள். சாவியை மட்டும் ஊருக்குக் கிளம்புகிற வரை என்னிடம் கொடுக்கவே இல்லை.