கேசட்டை அனுப்பியது யார்? ‘கேஷே’ படம் சொல்லாமல் விட்ட பதில்

பாரிஸில் ஒரு தெரு, ஒரு வீடு. கேமரா அசையவே இல்லை. திடீரென்று திரையில் கோடுகள் விழுந்து காட்சி வேகமாக ஓடுகிறது. அப்போதுதான் புரிகிறது, நாம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வீட்டுக்கு யாரோ அனுப்பிய வீடியோ கேசட் என்று.

2005-ல் வெளியான பிரெஞ்சுப் படம் ‘கேஷே’. ‘மறைக்கப்பட்டது’ என்று அர்த்தம். இயக்குநர் மிக்கேல் ஹானெக்கேவுக்கு கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. (கதையின் திருப்பங்கள் கீழே வருகின்றன, உஷார்!)

என்ன கதை?

ஜார்ஜ், டிவியில் புத்தக நிகழ்ச்சி நடத்துபவர். மனைவி, மகன் என்று செட்டிலான வாழ்க்கை. கேசட்டுகளோடு, ரத்தம் கக்கும் சிறுவனின் ஓவியமும் வருகிறது. ஜார்ஜுக்கு ஒரு பெயர் ஞாபகம் வருகிறது: மஜீத்.

மஜீதின் பெற்றோர், ஜார்ஜ் வீட்டுப் பண்ணையில் வேலை பார்த்த அல்ஜீரியர்கள். 1961-ல் பாரிஸ் ஆர்ப்பாட்டத்துக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தனியான சிறுவனைத் தத்தெடுக்க ஜார்ஜின் பெற்றோர் நினைத்தார்கள். 6 வயது ஜார்ஜுக்குப் பிடிக்கவில்லை. அவன் சொன்ன பொய்யால் மஜீத் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டான்.

அந்த ஆர்ப்பாட்டம் நிஜமா?

நிஜம்தான். 1961 அக்டோபர் 17. அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்த காலம். அல்ஜீரியர்களைக் குறிவைத்து விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். போலீஸ் அடித்தது, சுட்டது, சேன் நதியில் தூக்கி வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள் பலர். அந்த ரத்தக்களரியை அதிபர் பிரான்சுவா ஒல்லாந்த் ஒப்புக்கொண்டது 2012-ல்தான்.

அப்போ, அனுப்பியது யார்?

படம் கடைசிவரை சொல்லவில்லை. மஜீத் மறுக்கிறார், அவர் மகனும் மறுக்கிறான். ஒருநாள் ஜார்ஜை வரவழைத்து, அவர் கண்ணெதிரே உயிரை விடுகிறார் மஜீத். அதற்குப் பிறகும் தனக்குப் பொறுப்பில்லை என்றே சாதிக்கிறார் ஜார்ஜ்.

6 வயதுக் குழந்தையின் பொய்யை யாரும் மன்னித்துவிடலாம். ஆனால் இப்போதைய ஜார்ஜ்? மனைவியிடம் மறைக்கிறார், மஜீதை மிரட்டுகிறார், கடைசியில் மாத்திரை போட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். அந்த கேசட்டுகளில் ஒரு மிரட்டல்கூட இல்லை. யாரோ பார்க்கிறார்கள், அவ்வளவுதான். குற்றம் செய்தவருக்கு அதுவே தண்டனையாகிவிடுகிறது. ஒரு நாடும் இப்படித்தான் தூங்கியதோ என்று கேட்கிறது படம்.

கடைசி ஷாட், பள்ளி வாசல். போனை ஓரமாக வைத்துவிட்டு, திரையின் இடது பக்கம் பாருங்கள். அப்பாக்கள் பேசாததை, இரண்டு மகன்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.