சிதறும் துண்டுகளின் நடுவே ஒரு நிலையம்

மும்பையின் கோவண்டி வானில், மேகமில்லாத சில மாலைகளில், சிமிட்டாமல் நகரும் ஓர் ஒளிப்புள்ளி தெரியும். சர்வதேச விண்வெளி நிலையம் அது. சுமார் 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகம், உள்ளே மனிதர்கள்.

2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோள் காஸ்மாஸ் 1408-ஐ ஏவுகணையால் தகர்த்தது. கண்காணிக்கக்கூடிய துண்டுகள் மட்டுமே 1,500-க்கு மேல். நிலையத்தில் இருந்த ஏழு பேரும், பூமிக்குத் திரும்பும் கலங்களுக்குள் புகுந்து காத்திருந்தார்கள். தெலங்கானாவைப் பூர்வீகமாகக் கொண்ட ராஜா சாரி அவர்களில் ஒருவர். ரஷ்யர்களும் இருவர் இருந்தார்கள்! நிலையத்தை யாரும் குறிவைக்கவில்லை. ஆனாலும் அந்த வேகத்தில் விரலளவு உலோகத் துண்டே சுவரைத் துளைத்துவிடும்.

நாமும் 2019 மார்ச் 27-ல், ‘மிஷன் சக்தி’ சோதனையில், நம் செயற்கைக்கோள் ஒன்றைத் தகர்த்தோம். தாழ்வான உயரம் என்பதால் பெரும்பாலான துண்டுகள் விரைவிலேயே எரிந்துபோயின. ஆனால் 24 துண்டுகள் நிலையத்தையும் தாண்டி மேலே போனதாக நாசா தலைவர் கண்டித்தார். அந்தக் கண்டனம் நியாயமானதே.

2035-க்குள் நமக்கென ஒரு விண்வெளி நிலையம் அமைக்க இஸ்ரோ திட்டமிட்டிருக்கிறது. ஆனால், செயற்கைக்கோள்களைத் தகர்க்கும் சோதனைகளைக் கைவிடக் கோரும் ஐ.நா. தீர்மானத்தை 2022-ல் 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியாவோ வாக்களிக்காமல் விலகி நின்றது.